நிற்கிற செடி வேறு, தின்கிற செடி வேறு

வளர்த்துப் பார்க்கலாம் என்று முதல் தடவை பிடித்து வந்த ஏழு அந்துப்பூச்சிப் புழுவும் செத்துப் போயின. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கொய்யாவில் உட்கார்ந்திருந்த புழுக்கள். அதனால் கொய்யா இலையைத்தான் போட்டேன். தினமும் காலையில் புது இலை, அதுவும் தளிராகப் பார்த்து. நாலாம் நாள் டப்பாவைத் திறந்தால் இலையில் ஒரு கடி கூட இல்லை. புழுக்கள் காய்ந்த சுள்ளி மாதிரி விறைத்துக் கிடந்தன.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் பஸ்ஸையா திங்கிறான்? நிக்கிற எடத்துலயே சோறு கிடைக்கும்னு யாருங்க சொன்னது?" என்றாள் வீட்டுக்காரி. அவள் கிண்டலாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. காரணம், நான் 31 வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன். நிலத்தில் நிற்கிறவனெல்லாம் பட்டாதாரன் இல்லை என்பதை ஊருக்கெல்லாம் சொல்லியே தேய்ந்தவன். ஒரு புழு விஷயத்தில் அதை மறந்திருக்கிறேன்.

அண்ணாந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கொய்யாவுக்கு மேலே பக்கத்து வீட்டு உசிலை மரத்தின் கிளை நீண்டிருந்தது. அரப்புப் பொடிக்கு இலை பறிப்பார்களே, அதே உசிலை. முந்தின நாள் ராத்திரி நல்ல காற்று. இந்தப் புழுக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளை அதிர்ந்தாலோ குருவி வந்தாலோ வாயிலிருந்து ஒரு நூலை விட்டுத் தொங்கிவிடும். பயம் தெளிந்ததும் அதே நூலைப் பிடித்து மேலே ஏறிவிடும். நூல் அறுந்தால் கீழே எது இருக்கிறதோ அதில் விழ வேண்டியதுதான். என் வீட்டுக் கொய்யா அவற்றுக்கு வெறும் தரை.

இவற்றின் மேல் எனக்கு ஆசை வந்ததற்குப் பெயர்தான் காரணம். பணி ஓய்வுக்குப் பிறகு பேத்தியின் பள்ளி வேலைக்காகப் பூச்சிகளைப் படம் எடுக்கப் போனேன். அப்போது ஒரு குடும்பத்தின் பெயர் கண்ணில் பட்டது: ஜியோமெட்ரிடே. கிரேக்கத்தில் நிலம் அளப்பவர் என்று பொருளாம். உலகம் முழுக்க 23,000 இனங்களுக்கு மேல் பெயர் வைக்கப்பட்ட பெரிய அந்துப்பூச்சிக் குடும்பம் இது. பரிணாமப் பாடத்தில் புகை படிந்த மரத்தில் கறுப்பாகி உட்கார்ந்திருக்குமே, அந்த இங்கிலாந்துப் பூச்சியும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

நடையைப் பார்த்தால் பெயரின் நியாயம் தெரியும். சாதாரணப் புழுவுக்கு முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால், பின்னால் ஐந்து ஜோடி சதைக் கால். பொய்க்கால் என்றே சொல்லலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே ஜோடிப் பொய்க்கால், இரண்டும் வாலோரம். நடுவில் ஒன்றுமே கிடையாது. முன்கால் நீண்டு போய் ஓர் இடத்தைப் பிடிக்கும். பின்பாதி கிளம்பி வந்து முன்காலின் குதிகாலிலேயே ஊன்றும். நடு உடம்பு காவடி மாதிரி வளைந்து நிற்கும். நில அளவைச் சங்கிலி பிடிக்கிற இரண்டு பேர் இப்படித்தான் போவார்கள். முன்னாலிருப்பவன் இழுத்து நிற்க, பின்னாலிருப்பவன் அந்தக் குச்சி வரை வந்து சேர்வான். சங்கிலியில் ஒரு கண்ணி கூட விடாமல் அளக்கிற புழு.

எங்கள் பக்கம் காவடிப்புழு என்றால் ஆமணக்கில் வருவதைத்தான் நினைப்பார்கள். அது வேறு குடும்பம். அதுவும் வளைந்துதான் நடக்கும், ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவிலும் பொய்க்கால்கள் இருக்கும். ஆரம்பத்தில் நான் நாலைந்து முறை ஏமாந்தேன். இப்போதெல்லாம் புழுவைப் பார்த்ததும் நிறத்தையோ கோட்டையோ பார்ப்பதில்லை. காலை எண்ணுகிறேன். கால் பொய் சொல்லாது, பொய்க்காலாகவே இருந்தாலும்.

இரண்டாவது முறை புழுவைத் தேடவில்லை, கடியைத் தேடினேன். ராத்திரி ஒன்பதரை மணி, உசிலையின் தாழ்ந்த கிளை. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியிருந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் பல புழுக்கள் அப்படியே உறைந்துவிடும், தின்பதைக் காட்டாது. பத்து நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் ஒரு காம்பு திரும்பியது. வாலோரக் கால்களால் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒடிந்த காம்பு மாதிரி நீட்டி, அரிசி அளவுள்ள சிற்றிலை ஒன்றை நுனியிலிருந்து கத்தரித்துக்கொண்டிருந்தது. தலை மேலிருந்து கீழே இறங்கும், சட்டென்று மேலே போகும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு கீற்று குறையும். ஒரு சிற்றிலை முடிந்ததும் பக்கத்துச் சிற்றிலைக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் இருந்ததற்குப் போனது. ஏன் என்று தெரியாது. முக்கால் மணி நேரம் நின்றேன். கொசு என்னைத் தின்றது, அது உசிலையைத் தின்றது.

அந்தக் கிளையிலிருந்து ஐந்து புழுக்கள் எடுத்தேன். எடுத்தேன் என்றால், பிய்க்கவில்லை. இதைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கடைசிப் பொய்க்கால்களின் பிடி அவ்வளவு பலமானது. இழுத்தால் புழு வராது, உடம்புதான் கிழியும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி எடுங்கள். புதுக் கிளையைப் பக்கத்தில் வைத்தால் தானே மாறிக்கொள்ளும்.

உசிலை, வாகை, வேலம் மாதிரி மரங்களில் இன்னொரு தொல்லை. வெட்டின கொஞ்ச நேரத்தில் சிற்றிலைகள் கூம்பிக்கொள்ளும், வதங்கும், உதிரும். காலையில் போட்ட இலை மத்தியானம் தூளாகக் கிடக்கும். காம்பைத் தண்ணீர்ப் புட்டியில் சொருகி வைத்தேன், இலை நின்றது. ஆனால் மறுநாள் புட்டிக்குள் ஒரு புழு மிதந்தது. காம்பு வழியே கீழே நடந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. அளந்து நடக்கிற புழுவுக்கு எல்லை தெரியவில்லை. அன்றிலிருந்து புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைக்கிறேன். இருமல் மருந்துப் புட்டி நல்ல அளவு.

மூடியில் துளை வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். புழு மூச்சு முட்டிச் சாவதை நான் பார்த்ததில்லை. ஈரம் சேர்ந்து, எச்சம் பூஞ்சை பிடித்துச் செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியை ரப்பர் பேண்டால் கட்டுகிறேன். அடியில் செய்தித்தாள், தினமும் மாற்ற வேண்டும். அதை மாற்றும்போது எச்சத்தைப் பார்ப்பது நல்லது: கடுகு மாதிரி காய்ந்த உருண்டை என்றால் நலம், பிசுபிசுப்பு என்றால் நோய். டப்பா வைக்கிற ஸ்டூலின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். இல்லாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் கணக்கை முடித்துவிடும். சாலையோர மரத்து இலை எடுப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வயலில் மருந்தடித்த வாரத்தில் இலை பறித்துப் போட்டு ஒரு தொகுதியையே சாய்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் புழுக்கள் தின்பதை நிறுத்தி, டப்பாவின் அடியில் சுற்றிச் சுற்றி அலைந்தன. நோய் என்று நினைத்தேன். மண் தேடி அலைந்திருக்கின்றன. இவற்றில் பல இனங்கள் இலையில் கூடு கட்டாது. இறங்கி மண்ணிலோ சருகிலோ கூட்டுப்புழுவாகும். சலித்த மணலை வாணலியில் வறுத்து ஆற வைத்து, இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று புழுவும் உள்ளே போய்விட்டன. மூன்றுதான். ஒன்று தண்ணீரில் போனது, இன்னொன்றின் கதை வேறு. அதன் மேல் ஒருநாள் காலை பஞ்சு மாதிரி வெள்ளைக் கூடுகள் முளைத்திருந்தன. முட்டை என்று பேத்தி குதித்தாள். நாலு நாளில் அவற்றிலிருந்து கொசு அளவு குளவிகள் வந்தன. நான் பிடிப்பதற்கு முன்பே அந்தக் குளவி அதன் உடம்புக்குள் முட்டை வைத்திருக்கிறது. அந்தக் குளவிகளையும் எறியாதீர்கள். எந்தப் புழு, எந்தச் செடி என்று எழுதி, அவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

மணலுக்குள் போன மூன்றில் இரண்டு, பத்துப் பதினோரு நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. சாம்பல் கலந்த பழுப்பு. துணி மேல் நாலு சிறகையும் தட்டையாக விரித்து ஒட்டிக்கொண்டிருந்தன. முன்சிறகில் தொடங்கும் கோடு பின்சிறகுக்குள்ளும் அதே நேரில் ஓடும், இரண்டு புலப்படங்களை ஒட்டி வைத்த மாதிரி. ஓரத்தில் மசி கொட்டினாற்போல் ஒரு கறை. பின்சிறகில் சின்னதாக ஒரு மூலை. விஷயம் தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "சியாஸ்மியா பேரினம். அதுக்கு மேல படத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்க, வயித்தைப் பிரிச்சுப் பாக்கணும்" என்று பதில் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எல்லைக்கல் கிடைக்காத இடத்தில் கோடு போடாமல் நிறுத்துகிறவர்தான் நல்ல அளவையாளர். என் நோட்டில் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் பேரினமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. சியாஸ்மியாப் புழுக்களுக்கு அவரைக் குடும்பத்து மரங்கள்தான் சாப்பாடு, அதிலும் வேலம், வாகை வகையறா. இனத்துக்கு இனம் மரம் மாறலாம், பெரும்பாலானவை அந்த வீட்டை விட்டு வெளியே கை நனைக்காது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஏழையும் கொய்யா இலையில் பட்டினி போட்டிருக்க மாட்டேன். சுற்றிலும் அவரைக் குடும்பத்து மரம் எது என்று முதலில் பார்த்திருப்பேன்.

இந்தப் பிடிவாதத்தை ஆஸ்திரேலியாக்காரர்கள் வேலைக்கு வைத்த கதையைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. நம் கருவேல மரம், ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்கிறோமே அந்த வேல், 1890களில் ஆட்டுக்கு நிழலும் தீவனமும் ஆகும் என்று குயின்ஸ்லாந்துக்குப் போனது. அங்கே அது லட்சக்கணக்கான ஏக்கர் புல்வெளியை முள்காடாக்கிவிட்டது. நம் ஊரில் சீமைக்கருவேலம் செய்ததை அங்கே நம் நாட்டுக் கருவேலம் செய்திருக்கிறது. அதைத் தின்ன ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோனவற்றில் சியாஸ்மியாவும் உண்டு. ஓர் இனம் கடலோரப் பகுதியில் நிலைத்தது. காய்ந்த உள்நாட்டில் பிழைக்கவில்லை. பிறகு, மரம் புறப்பட்ட ஊரிலேயே தேடலாம் என்று தமிழ்நாட்டுக்கும் வந்தார்கள். கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் நிறுவனம் அந்தத் தேடலில் சேர்ந்திருந்தது. இங்கே கருவேலத்தில் கிடைத்த இஸ்டர்ஜியா என்கிற புழு, சியாஸ்மியாவின் பங்காளி, பிரிஸ்பேனில் தனிமைக் கூடம் வரை போய்ச் சோதனைக்கு உட்பட்டது.

அந்தச் சோதனை முறைதான் எனக்குப் பாடம். புழுவை ஒரே ஒரு செடியின் இலையோடு அடைப்பார்கள். கடித்ததா என்று பார்ப்பார்கள். கடித்தால் போதாது, வளர்ந்ததா, கூட்டுப்புழுவானதா, அந்துப்பூச்சியாகி முட்டை வைத்ததா என்று கடைசி வரை போவார்கள். பசியில் எதையோ கொறித்துவிட்டு மூன்றாம் நாள் செத்தால் அது உணவுச்செடி இல்லை. இதைப் படித்த அன்றே என் நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் ஆக்கினேன்: இருந்தது, தின்றது, தின்று பூச்சியானது.

ஏற்காட்டுக்கு அந்த நோட்டோடுதான் போனேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் ரிசர்வ் காடு. அங்கே ஒரு புழுவைக் கூட எடுக்கக் கூடாது. பூச்சிதானே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், வனத்துறை அனுமதி இல்லாமல் இலை பறிப்பது கூடத் தப்பு. எனக்குத் தெரிந்தவரின் காப்பித் தோட்டம் ஒன்று இருந்தது, பட்டா நிலம், சொல்லிவிட்டுப் போனேன்.

நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தின் பட்டையில் கறுப்பாகக் குட்டிப் புழுக்கள், உடம்பைச் சுற்றி வெள்ளைப் புள்ளி வரிசைகள். கீழே காப்பிச் செடியிலும் அதே. சில்வர் ஓக்கா, காப்பியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், பட்டையில தேடுறீங்க? அது அங்கன இருக்கும், திங்கறது காப்பியைத்தான்."

"அப்பறம் ஏன் மேல ஏறிக் கெடக்குது?"

"அங்கதான பொறக்குது. பொறந்து நூல் உட்டு எறங்கும். நீங்க வேற, இதுக்குப் போயி! எங்களுக்கு எமன் தண்டு துளைப்பான் சார். நெழலு கொறஞ்சா செடியவே கொன்னுடும். இது நாலு எலையத் தின்னுட்டுப் போவுது, போகட்டும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் படித்தபோது தெரிந்தது. அது ஹைபோசிட்ரா பேரினம். வடக்கு வங்காளத்திலும் அசாமிலும் தேயிலைக்குப் பெரிய தலைவலி. அங்கேயும் தாய்ப்பூச்சி நிழல் மரங்களின் பட்டை வெடிப்பில்தான் முட்டை வைக்கும். பொரிந்த குஞ்சுகள் நூல் விட்டுத் தேயிலையில் இறங்கும். மரத்தில் பார்த்தேன் என்று நான் மட்டும் எழுதியிருந்தால், நோட்டில் சில்வர் ஓக் உணவுச்செடி ஆகியிருக்கும்.

ஹைபோசிட்ரா சியாஸ்மியாவுக்கு நேர் எதிர். தேயிலை, காப்பி, கோகோ, கொய்யா என்று அது தின்னும் செடிகளின் பட்டியல் நீளம். கொய்யாவேதான். சேலத்துக்குக் கொண்டுவந்த ஆறு புழுக்களுக்குக் காப்பி இலை மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், தயங்கித் தயங்கி, அதே கொல்லைக் கொய்யா இலையைப் போட்டேன். ராத்திரிக்குள் நரம்பு மட்டும் மிச்சம். முதல் தடவை ஏழு புழு செத்த அதே மரத்து இலை. வளர வளரக் கறுப்பு மங்கிப் பழுப்பாயின, முன்சிறகு நுனி கொக்கி மாதிரி வளைந்த பூச்சிகளாக நாலு வெளியே வந்தன. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. தொடக்கம் காப்பியில், முடிவு கொய்யாவில். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "காப்பி, பிறகு கொய்யா, பூச்சி" என்று முழுசாகவே எழுதினேன். சுருக்கி எழுதினால் அடுத்தவர் தப்பாகப் படிப்பார்.

மலைப் புழுவைக் கீழே கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு 1,500 மீட்டர். சித்திரை மாசச் சேலம் அதற்கு அடுப்பு. மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில், ஈரச் சாக்கு மேல் டப்பாவை வைத்தேன். காரில் வரும்போது டப்பாவை வெயில் படுகிற பின் கண்ணாடி ஓரம் வைத்து இரண்டை இழந்த பிறகுதான் இந்த அறிவு வந்தது.

பழைய உணவுச்செடிப் பட்டியல்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுக்க எழுதப்பட்டவற்றைத் தொகுத்து ஒரு பெரிய தரவுத்தளம் வைத்திருக்கிறது, யாரும் பார்க்கலாம். பிரமாதமான வேலை. ஆனால் எந்தத் தொகுப்பும் மூலப் பதிவுகளை நம்பித்தான் இருக்க முடியும். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் "இந்த மரத்தில்" என்று எழுதினால், அவர் கடித்ததைப் பார்த்தாரா, காற்றில் விழுந்ததைப் பார்த்தாரா என்று இப்போது யாரைக் கேட்பது? கிராம நிலக் கணக்கான அடங்கலில் ஒரு தப்பு ஏறிவிட்டால் வருஷா வருஷம் அதையே பார்த்து எழுதுவார்கள், அந்த மாதிரி.

என் நோட்டில் இதுவரை 43 பதிவு. முதல் கட்டத்தில் 43-ம் இருக்கிறது. இரண்டாவதில் 26. மூன்றாவதில் 11. மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்தப் பதினொன்றை மட்டும் அனுப்புகிறேன். செத்தவற்றையும் அழிப்பதில்லை: எந்த இலை போட்டேன், எத்தனை நாள் தின்னாமல் இருந்தது என்று எழுதி வைக்கிறேன். கொய்யாவில் செத்த ஏழு பேரும் அப்படித்தான் முதல் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இப்போது ஸ்டூல் மேல் ஒரே ஒரு டப்பா. தோட்டத்து வேலியோரக் களாச் செடியிலிருந்து எடுத்த இரண்டு பச்சைப் புழுக்கள்; களா இலையைத்தான் தின்றன, என் கண்ணால் பார்த்தேன், பேத்தியும் பார்த்தாள். அரளிக் குடும்பத்துச் செடிகளைத் தின்று பச்சைச் சிறகோடு வருகிற அகத்தியா என்ற பேரினம் ஒன்று உண்டு, அதுவாக இருக்குமோ என்று ஓர் ஆசை. கூட்டுப்புழுவாகி 19 நாள் ஆகிறது. அசைவில்லை. இரண்டு கட்டம் நிரம்பிவிட்டது, மூன்றாவது காலி. அது என் மதியச் சாப்பாட்டு டப்பா. வீட்டுக்காரி மூன்று முறை கேட்டுவிட்டாள், இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.